மேலே இருக்கும் நேரம்

விளாத்திகுளம்
தை மாதம்

அன்புள்ள தமிழ்ச்செல்வி,

உன் கடிதம் வந்தது. வருகிற மாசியில் தோழிகளோடு மாலத்தீவுக்குப் போய், ஒரு வாரம் படகிலேயே தங்கி ஸ்கூபா முக்குளிக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். கரிசக்காட்டுப் பிள்ளை கடலுக்கடியில் போய்ப் பார்க்க ஆசைப்படுவது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கே தெரியும். "அங்கே எப்படி இருக்கும் சார், எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. ஆனால் அதற்கு நாலு வரி மேலே, "முதுகில் ஆக்சிஜன் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு குதிக்கப்போகிறோம்" என்றும் எழுதியிருக்கிறாயே தாயி, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. பயிற்சி முடித்துச் சான்று அட்டை வாங்கியவள் நீ. நம் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் நாள் தவறாமல் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன என்றாலும், என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளை அதை எழுதலாமா? இந்தத் தவற்றைத் திருத்தினாலே உன் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உன் முதுகில் ஏறப்போவது காற்று. நீயும் நானும் இப்போது சுவாசிக்கிற அதே காற்று. ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாக நைட்ரஜன், மீதி பெரும்பாலும் ஆக்சிஜன். ஈரத்தையும் எண்ணெய் ஆவியையும் வடிகட்டி, 200 பார் அழுத்தத்தில் இறுக்கி அடைத்திருப்பார்கள். அதற்குப் பதிலாகச் சுத்த ஆக்சிஜனை அடைத்து உன்னை 10 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பினால், அங்கே நீ சுவாசிப்பது 2 பார் ஆக்சிஜன். அது மூளைக்கு நஞ்சு. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வலிப்பு வரலாம்; வந்தால் வாயில் கவ்வியிருக்கும் ரெகுலேட்டர் நழுவும், அடுத்த மூச்சில் தண்ணீர் உள்ளே போகும். சுத்த ஆக்சிஜனை 6 மீட்டருக்குக் கீழே யாரும் சுவாசிக்கக் கூடாது என்பது முக்குளிப்போர் உலகத்தின் எல்லைக்கோடு. நீ போகப்போவதோ 30 மீட்டர் வரை.

பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பேர் 1878இலேயே இதைத் தன் நூலில் நிறுவிவிட்டார். அதை மனித உடலில், அதுவும் தன் உடலிலேயே சோதித்துப் பார்த்தவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். 1939இல் தீட்டிஸ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் சோதனை ஓட்டத்தில் மூழ்கி 99 பேர் இறந்தார்கள். அதன் பிறகு நீர்மூழ்கியிலிருந்து தப்புவது எப்படி என்று ஆராய, இவர் அழுத்த அறைக்குள் தானே போய் உட்கார்ந்தார். ஆக்சிஜன் மிகுந்து வந்த ஒரு வலிப்பில் அவருடைய முதுகெலும்பே நசுங்கியது. இந்த மனிதர்தான் 1957இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964 டிசம்பர் 1ஆம் தேதி புவனேசுவரத்தில் காலமானார். உடலைக்கூடக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரி மாணவர்களின் படிப்புக்குக் கொடுத்துவிட்டார். மரபியல் படித்தவர்களுக்கு அவரை வேறு காரணத்துக்காகத் தெரியும். தண்ணீருக்குள் மூச்சுவிட்டுப் பத்திரமாக மேலே வருகிற ஒவ்வொருவரும் அவருக்கும் கடன்பட்டவர்கள். அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் நான் தேடித் தேடிப் படித்த காலம் ஒன்று உண்டு. நீயும் படி.

அவரைவிட உனக்கு முக்கியமானவர் அவருடைய அப்பா, ஜான் ஸ்காட் ஹால்டேன். ஆக்சிஜனை விட்டுவிட்டு நைட்ரஜனுக்கு வருகிறேன். இந்த ஒரு வாரமும் உன் நாளை ஆட்டிவைக்கப்போவது அந்த நைட்ரஜன்தான். ஹென்றி விதியை உனக்கு நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. அழுத்தம் கூடக் கூட ரத்தத்திலும் தசையிலும் நைட்ரஜன் கரைந்துகொண்டே போகும். கீழே இருக்கும்வரை அதனால் தொந்தரவு பெரிதாக இல்லை. மேலே வரும்போது அழுத்தம் குறைகிறது; கரைந்தது வெளியேற வேண்டும். மெதுவாக வந்தால் நுரையீரல் வழியே போய்விடும். அவசரப்பட்டால் திசுவுக்குள்ளேயே குமிழியாகும். மூட்டில் குமிழி வந்தால் வலி. தண்டுவடத்தில் வந்தால் கால் விளங்காமல் போகும்.

பிரிட்டிஷ் கடற்படைக்காக ஹால்டேன், பாய்காட், டாமண்ட் ஆகிய மூவரும் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, 1908இல் முதல் அட்டவணைகளை வெளியிட்டார்கள். குமிழி வலித்த ஆடு முன்னங்காலை மடக்கித் தூக்கிக்கொள்ளும். அதுதான் அவர்களுக்கு அடையாளம். அந்த ஆய்வில் கண்ட பெரிய உண்மை, உடலின் எல்லாத் திசுவும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை வாங்குவதில்லை, விடுவதில்லை என்பது. ஹால்டேன் ஐந்து வகையாகக் கணக்கிட்டார். முதல் வகைக்குப் பாதி நிறைய 5 நிமிடம் போதும். கடைசி வகைக்கு 75 நிமிடம் வேண்டும். இதை நம் ஊர்க்காரருக்கு விளக்குவது சுலபம். தேரிக்காட்டுச் செம்மணலில் எவ்வளவு மழை பெய்தாலும் மறுநாள் காலையில் செருப்பில்லாமல் நடக்கலாம். கரிசலில் ஒரு நல்ல மழை விழுந்தால் நாலு நாளைக்குக் காட்டுக்குள் கால் வைக்க முடியாது. அது மெதுவாகக் குடிக்கும், மெதுவாகத்தான் விடும். உன் ரத்தம் தேரி; உன் மூட்டும் கொழுப்பும் கரிசல். முதல் முக்குளிப்பு முடிந்து ஒரு மணி நேரத்தில் ரத்தம் தெளிந்துவிடும். ஆனால் மூட்டில் ஈரம் இருக்கும்போதே இரண்டாவது மழை, அது காயுமுன் மூன்றாவது. படகில் தங்கும் பயணத்துக்கும் ஒருநாள் போய்வரும் முக்குளிப்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான், செல்வி. மற்றதெல்லாம் சாப்பாடும் படுக்கையும்.

இனி நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். விடியுமுன் கதவைத் தட்டுவார்கள். தேநீர், பிஸ்கட். ஒரு வெள்ளைப் பலகையில் அன்றைய இடத்தின் படம் வரைந்திருக்கும். திலா என்றால் கடலடிக் குன்று, கண்டு என்றால் பவளத்திட்டுகளுக்கு இடையே நீர் பாயும் வாய்க்கால். நீரோட்டம் எந்தப் பக்கம், எங்கே இறங்குவது, அழுத்தமானியில் எத்தனை பார் காட்டும்போது திரும்புவது என்று வழிகாட்டி சொல்வார். அந்த நேரத்தில் கேமராவைத் துடைத்துக்கொண்டு உட்காராதே. காது கொடுத்துக் கேள். அதன் பிறகு பெரிய படகிலிருந்து தோணிக்கு மாறுவீர்கள். சிலிண்டர்களும் காற்று நிரப்பும் கம்ப்ரசரும் அந்தத் தோணியில்தான் இருக்கும். அதனால் நீங்கள் தூங்குகிற படகில் இரைச்சல் இராது. முக்குளித்து வந்து காலைச் சாப்பாடு, ஓய்வு, இரண்டாவது முக்குளிப்பு, மதியச் சாப்பாடு, தூக்கம், மூன்றாவது. சில நாள் இரவில் நான்காவது. நடுவில் படகு அடுத்த திட்டுக்கு நகரும். மூன்றாம் நாளிலிருந்து உடம்பு கனக்கும், காது லேசாக அடைக்கும், சாப்பிட்டால் கண் சொருகும். அது இயல்புதான். வழக்கத்துக்கு மீறிய களைப்பும், தோளிலோ முழங்காலிலோ காரணமில்லாத வலியும், தோலில் திட்டுத் திட்டாகச் சிவப்பும், விரல் மரப்பும் இயல்பல்ல. அவற்றில் எதைக் கண்டாலும் வெட்கப்படாமல் உடனே சொல்ல வேண்டும்.

அப்போதுதான் ஆக்சிஜன் சிலிண்டருக்கு வேலை. படகில் அது இருக்க வேண்டும். முகமூடியோடு மேல்தளத்தில், முதலுதவிக்காக. குமிழி நோய் வந்தவருக்குச் சுத்த ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். ஏறிய அன்றைக்கே, "எங்கே வைத்திருக்கிறீர்கள், காட்டுங்கள்" என்று கேள். நைட்ராக்ஸ் என்று ஒன்றும் தருவார்கள். அது ஆக்சிஜனை 32 சதவீதமாகக் கூட்டிய காற்று. நைட்ரஜன் குறைவாக ஏறும் என்பதால் நாள்தோறும் இறங்குபவர்களுக்கு நல்லது. ஆனால் 34 மீட்டருக்குக் கீழே அந்தக் கலவையின் ஆக்சிஜனே ஆபத்தாகத் தொடங்கும். அதனால் ஒவ்வொரு சிலிண்டரையும் நீயே கருவி வைத்து அளந்து கையெழுத்துப் போட வேண்டும். தோழி அளந்தாள் என்று விட்டுவிடாதே.

இப்போது நான் உனக்குச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். பயணம் போகிறவர்கள் தண்ணீருக்குள் இருக்கும் நேரத்தைத்தான் கணக்கு வைக்கிறார்கள். மேலே வந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தை வீணான நேரம் என்று நினைக்கிறார்கள். அந்த நேரமும் முக்குளிப்பில் சேர்ந்ததுதான். அந்தக் கணக்கைச் சரியாக வைத்திருந்தவர்கள் நம் கடற்கரைக்காரர்கள்.

விளாத்திகுளத்தில் கேட்டால் பருத்தி, கம்பு, மிளகாய் என்பார்கள். கடலுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்பதுபோலப் பேசுவார்கள். வேம்பாரும் கீழவைப்பாரும் சிப்பிகுளமும் எந்தத் தாலுகாவில் இருக்கின்றன? நம் ஊரைத் தொட்டு ஓடுகிற வைப்பாறு எங்கே போய்ச் சேருகிறது? அதற்கு அப்பால் கடலுக்குள் இருப்பவை கொற்கைக் காலத்திலிருந்து பேர்பெற்ற முத்துப்பார்கள். மாலத்தீவைப் பற்றிப் படிக்குமுன் இதைப் படித்திருக்க வேண்டும் நீ.

மன்னார் வளைகுடாவின் அக்கரையில், இலங்கையின் அரிப்புக்கு எதிரே நடந்த முத்துக்குளிப்பை ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி 1803இல் வந்த தன் நூலில் விவரித்திருக்கிறார். குளியாளிகளில் பெரும்பாலோர் தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கத்திலிருந்து போனவர்கள். இரவில் தரைக்காற்றில் பாய் விரித்துப் போவார்கள். விடிந்ததும் குளிக்கத் தொடங்கி, நண்பகலோடு நிறுத்தி, கடற்காற்றில் கரை திரும்புவார்கள். குளியாளி வலது கால் விரல்களால் கல் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொள்வார். இடது கால் விரல்களில் வலைப்பை. ஒரு கையில் இன்னொரு கயிறு, மறு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவார். கல் இழுத்துக்கொண்டு போய் அடியில் சேர்க்கும். மூச்சு தாங்கும்வரை சிப்பி பொறுக்குவார். கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுத்துவிடுவார். ஒரு நாளில் நாற்பது, ஐம்பது முறை இப்படி.

இதில் என்னை இத்தனை வருஷமாக விடாமல் பிடித்திருக்கும் விவரம் ஒன்று உண்டு. படகுக்குப் பத்துக் குளியாளிகள். ஆனால் கல் ஐந்துதான். ஐந்து பேர் இறங்குவார்கள், ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் ஏறியதும் இவர்கள். களைப்பாறுவதற்காக இந்த ஏற்பாடு என்று பெர்சிவலே எழுதுகிறார். கல்லுக்குப் பஞ்சமா? படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி நினைத்தால் பத்துக் கல்லை ஏற்றியிருக்க மாட்டாரா? இரட்டிப்புச் சிப்பி வந்திருக்குமே! அப்படிச் செய்யாததற்குக் காரணம் இருக்கிறது என்பது என் கட்சி. மேலே இருக்கும் நேரத்தைக் குறைத்தால் ஆள் நிலைக்க மாட்டான் என்பதை எத்தனையோ தலைமுறை அனுபவத்தில் கண்டு, அதைத் தொழிலின் அமைப்பிலேயே கட்டி வைத்திருக்கிறார்கள்.

மூச்சடக்கிக் குளிப்பவருக்கு நைட்ரஜன் எங்கே ஏறுகிறது, ஒரே ஒரு நுரையீரல் காற்றுதானே என்று நீ கேட்பாய். கேள்வி சரிதான். பசிபிக்கில் துவாமோத்து என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கேயும் முத்துச்சிப்பிக்கு மூச்சடக்கித்தான் குளித்தார்கள். 30, 40 மீட்டர் ஆழம். ஒரு மணி நேரத்தில் பத்துத் தடவைகூட, நாளுக்கு ஆறு மணி நேரம். அவர்களுக்குத் தலைசுற்றல், வாதம், மதிமயக்கம் எல்லாம் வந்தன; சிலர் இறந்தும் போனார்கள். அந்த ஊர்க்காரர்கள் அந்த நோயைத் தாராவானா என்றார்கள். 1965இல் கிராஸ் என்ற ஆய்வாளர் அதை எழுதி வெளியிட்டார். வியப்பு என்னவென்றால், அதே பசிபிக்கில் மங்கரேவா தீவுக்காரர்களும் ஆழக் குளித்தவர்கள்தான். அவர்களிடம் இந்த நோய் இல்லை. ஒரு குளிக்கும் அடுத்த குளிக்கும் நடுவே பத்து நிமிடத்துக்கு மேல் மேலே இருப்பது அவர்கள் வழக்கம். நம் முத்துப்பார்கள் துவாமோத்து அளவு ஆழமில்லை. பெரும்பாலும் 20 மீட்டருக்குள் அடங்கிவிடும். நம்மவர்களைக் காத்ததில் அதற்கும் பங்கு உண்டு. ஆனாலும் இரண்டு பேருக்கு ஒரு கல், நண்பகலோடு நிறுத்தம் என்ற ஒழுங்குக்கு உரிய மதிப்பை யாரும் கொடுக்கவில்லை. முத்துக்குளிப்பு என்றாலே சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டியைப் பற்றித்தான் ஐரோப்பியர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்த ஐந்து பேருக்கு ஓரிரு வரிக்கு மேல் கொடுக்கவில்லை!

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. பிறகு பார்களில் போதிய அளவு சிப்பி விளையவில்லை. 1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தில் அழகர்சாமி குழுவினர் சிப்பிக்குள் கரு வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். சங்குக் குளிப்பு மட்டும் நிற்கவில்லை. அந்தத் தொழிலுக்குள் கம்ப்ரசர் வந்தது. படகில் இயந்திரம் ஓடும், நீளமான குழாய் வழியே காற்று இறங்கும், குளியாளி குழாயைக் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் அடியில் இருப்பார். அழுத்தமானியும் இல்லை, அட்டவணையும் இல்லை.

நம் கடற்கரையில் ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். வலது காலை இழுத்து இழுத்து நடப்பார். சாரத்தைத் தூக்கி முழங்காலுக்குக் கீழே காட்டினார். தசை வற்றி, எலும்போடு தோல் ஒட்டிக் கிடந்தது. நெருப்பு பட்டாலும் அந்த இடத்தில் தெரியாது என்றார். ஒரு நாள் காலையிலிருந்து இறங்கி ஏறி, மதியம் படகிலேயே கஞ்சி குடித்துவிட்டு மறுபடி இறங்கியிருக்கிறார். சாயங்காலம் ஏறியதும் இடுப்புக்குக் கீழே மரத்திருக்கிறது. கரையில் எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள். விடியும்போது சிறுநீர் இறங்கவில்லை. மதுரைக்குக் கொண்டுபோகும்போது ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்திருந்தன. "நடுவுல கொஞ்சம் மேல உக்காந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "மேல உக்காந்திருக்கிற நேரத்துக்கு யாரு சார் காசு குடுப்பா?" என்றார்.

பழைய குளிப்பில் உட்கார்ந்திருந்தவரும் பங்குக்காரர். சிப்பியில் அவருக்கும் உரிமை உண்டு. இயந்திரம் வந்ததும் ஓய்வுக்குக் கூலி இல்லாமல் போயிற்று. இதைச் சொன்னால் பழம்பெருமை பேசுகிறான் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நினைக்கட்டும்! அந்தக் காலை நேரில் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் மணிக்கட்டில் கட்டப்போகும் முக்குளிப்புக் கணினி ஹால்டேனின் கணக்கைத்தான் நொடிக்கு நொடி போட்டுக்கொண்டிருக்கும். ஆளுக்கு ஒன்று வேண்டும். தோழியின் கணினியைப் பார்த்து நீ மேலே வரக் கூடாது. மாலத்தீவுச் சட்டப்படி பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு எல்லை 30 மீட்டர். கட்டாயமாக நின்று நின்று ஏறவேண்டிய அளவுக்குக் கீழே தங்குவதும் கூடாது. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதே. 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில். முதல் முக்குளிப்பு ஆழமானதாகவும் அடுத்தடுத்தவை ஆழம் குறைந்தும் இருக்கட்டும். நடுவில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மேலே இரு. தண்ணீர் நிறையக் குடி. உடம்பு வற்றியிருந்தால் நைட்ரஜன் வெளியேறுவதும் மந்தப்படும். எல்லாரும் இறங்குகிறார்களே, கட்டிய பணம் வீணாகுமே என்று ஒரு முக்குளிப்புக்கும் இறங்காதே. மூக்கடைப்பு இருந்தால் மேலே உட்கார்ந்து கடலைப் பார். மருந்து போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்குகிறவர்களுக்கு, அடியில் மருந்தின் வேகம் குறைந்ததும் காது அடைத்துக்கொள்ளும். மேலே வர முடியாத வலி அது.

படகைப் பற்றி ஒன்று, மறக்காதே. 2019 செப்டம்பர் 2ஆம் தேதி கலிஃபோர்னியாவில் கன்செப்ஷன் என்ற முக்குளிப்புப் படகு விடியுமுன் தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் தூங்கிய 34 பேரும் இறந்தார்கள். அந்த அறைக்கு வழிகள் இரண்டு இருந்தன. இரண்டும் மேலே தீப்பிடித்த ஒரே கூடத்தில்தான் போய்த் திறந்தன. இரவு விழித்திருந்து சுற்றிவரக் காவலுக்கு ஆள் இல்லை. ஆகவே ஏறியதும் உன் அறையிலிருந்து வெளியேறும் இரண்டு வழிகளையும் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார். இரவுக் காவல் யார் என்று கேள். கேமரா, விளக்கு, கைபேசி எதையும் படுக்கையருகே மின்னேற்றம் போட்டுவிட்டுத் தூங்காதே. இதைக் கேட்டால் மூஞ்சியைச் சுளிக்கும் படகுக்காரர் என்றால், அந்தப் படகே உனக்கு வேண்டாம்.

மாசியில் அங்கே வடகிழக்குப் பருவம், இருவை என்பார்கள். நீரோட்டம் கிழக்கிலிருந்து மேற்கே பாயும். கிழக்கு வாய்க்கால்களில் தெளிந்த கடல்நீர் உள்ளே வரும். அங்கே சுறாக்கள் ஓட்டத்தை எதிர்த்து நிற்பதைப் பார்க்கலாம். திட்டுக்குள் விளைந்த நுண்ணுயிர் மேற்குப் பக்கம் வெளியேறும். அதைத் தின்ன மாண்டா திருக்கைகள் அங்கே கூடும். படகு ஏன் ஒரு நாள் இந்தப் பக்கமும் மறுநாள் அந்தப் பக்கமும் போகிறது என்று கேட்டுக் குழம்பாதே. காற்றைப் பார்த்தால் தெரியும். சுறாவைக் கண்டு பயப்படவும் வேண்டாம். 2010இல் மாலத்தீவு சுறா பிடிப்பதையே தடை செய்தது. அதனால்தான் இன்றைக்கு உன்னால் அவற்றைப் பார்க்க முடிகிறது. நீரோட்டத்துக்குப் பயப்படு. பலமாக இழுத்தால் எதிர்த்து நீந்தி மூச்சைச் செலவழிக்காமல், துணையோடு சேர்ந்து, மிதவைக் குழாயை ஊதி மேலே அனுப்பிவிட்டு மெதுவாக ஏறு. தோணி உன்னைத் தேடி வரும்.

பவளத்தைத் தொடாதே. 1998லும் 2016லும் கடல் சூடேறி வெளுத்துச் செத்த பவளத்தின் மேல்தான் இப்போது புதிது முளைத்துக்கொண்டிருக்கிறது. நம் வளைகுடாவில் பவளத்தைச் சுண்ணாம்புக்கு வெட்டி எடுத்தே பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகளைக் கடலுக்குக் கொடுத்தோம். 1986இல் அந்தப் பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். படத்துக்காகப் பவளத்தில் முழங்காலை ஊன்றி நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்தக் கூட்டத்தில் உன்னைப் பார்க்க நேரக் கூடாது.

கடைசியாக, ஊர் திரும்புவதற்கு முன்தினம் காலையில் முக்குளித்துவிட்டு மாலையில் கடல்விமானத்தில் ஏறித் தீவுகளைச் சுற்றிப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறாய். கூடாது. தாழத்தான் பறக்கும் என்பார்கள், ஏறாதே. பல நாள் தொடர்ந்து இறங்கியவர்கள் கடைசி முக்குளிப்புக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது என்பது விதி. பெரும்பாலான படகுக்காரர்கள் 24 என்பார்கள். நீ 24 என்றே வைத்துக்கொள். ஊருக்கு வரும் விமானத்துக்குள்ளே அழுத்தம் ஏறத்தாழ 2,400 மீட்டர் மலை உச்சியில் இருப்பது போலிருக்கும், கொடைக்கானலைவிட உயரம். கரிசல் காயாமல் அதில் ஏறக் கூடாது. அந்தக் கடைசி நாளில் மாலே நகரின் மீன் சந்தைக்குப் போ. சூரை மீனைத் துண்டு போடும் வேகத்தைப் பார். வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலின் பவளக்கல் சுவர்ச் செதுக்கலைப் பார், 1658இல் கட்டியது.

முக்குளிப்புக் குறிப்பேட்டை அன்றன்றைக்கே எழுது. இறங்கிய நேரம், ஏறிய நேரம், ஆழம், எத்தனை பாரில் தொடங்கி எத்தனை பாரில் முடித்தாய் என்பவற்றோடு, இரண்டு முக்குளிப்புக்கு நடுவே மேலே இருந்த நேரத்துக்கும் ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலோர் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள். நீ நிரப்பு. பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது குறிப்பேட்டைக் கொண்டு வா. நான் முதலில் பார்க்கப்போவது அந்தக் கட்டத்தைத்தான்.

அன்புடன்,
உன் ஆசிரியர்